பாதி மடிந்தது

மடித்தால் மூட்டை, விரித்தால் வண்டி.
டிக்கெட் பரிசோதகர் திருமூர்த்தி சொன்ன சட்டம் இது.
எங்கே எழுதியிருக்கிறதென்று நான் கேட்டதில்லை,
அவரும் காட்டியதில்லை.

குடியாத்தம் ஸ்டேஷன் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டு
தனிக்குடித்தனம் போன மாதிரி தள்ளி நிற்கிறது.
காட்பாடியோ வேலூரைத் தொடாமல்
பாலாற்றுக்கு அந்தக் கரையில்.
இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்ததை
ஒரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கூட்டிப் பார்த்தேன்.
(கணக்கு எழுதுபவள் நான்;
தோட்டப்பாளையம், மொத்த மருந்துக்கடை.)
அடுத்த வாரமே வாங்கிவிட்டேன்.
பழையது. சின்னச் சக்கரம். பன்னிரண்டு கிலோ.
சர்க்கஸ் கரடி ஓட்டுவது என்றான் தம்பி.

கிழிந்த மழைக்கோட்டில் உறை நானே தைத்தேன்.
தையல் மெஷினா, ஆர்மோனியமா,
ஆஸ்பத்திரிக்கு ஏதாவது கருவியா என்று
லத்தேரி வருவதற்குள் ஐந்து பேர் கேட்பார்கள்.
ஒருநாள் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்,
உள்ளே உற்சவர் இருப்பதாக.
நான் மறுக்கவில்லை.
கால் நீட்ட இடம் கிடைத்தது.

மழை நாளில் பாலத்துக்கு பஸ்.
கண்டக்டர் இதற்கும் ஒரு டிக்கெட் கிழிப்பார்.
"அப்ப சீட்ல உக்கார வெச்சிக்கட்டுமா?"
"நின்னுகினு வரட்டும்மா."

புதன்கிழமை
வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடி வந்து
மடிக்கும்போதே ஏறினேன்.
கீலில் ஏதோ கடித்துக்கொண்டது.
முன்சக்கரம் வாசலைப் பார்க்க
பின்சக்கரம் என்னைப் பார்க்க
ஹாண்டில்பார் நேராகக் கழிவறைக் கதவில்.
உள்ளே ஒருவர்.
காவனூரில் அவர் தட்டத் தொடங்கினார்.

திருமூர்த்தி வந்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"இன்னாம்மா இது?"
எனக்கும் பெயர் தெரியவில்லை.
மூட்டையும் இல்லை, வண்டியும் இல்லை.
அபராதப் புத்தகத்தைத் திறந்து
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றார்.
ஒருவர் இழுக்கச் சொன்னார், ஒருவர் தள்ளச் சொன்னார்.
உள்ளேயிருந்தவர்
தான் இறங்கவேண்டிய ஊரைச் சொன்னார்.

ஆம்பூரிலிருந்து வரும் குளோரி
(ராணிப்பேட்டை ஷூ கம்பெனி, மேல்தோல் தையல்)
கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.
கீலுக்குள் விட்டுக் கிளறினாள்.
யாரிடமோ தேங்காய் எண்ணெய் வாங்கி நாலு சொட்டு.
அப்புறம், "நவுருங்க" என்று
டிபன் கேரியரைத் தூக்கி
அடித்தாள்.
ஒருமுறை. காரக்குழம்பு.
மறுமுறை
வண்டி தன் முழு நீளத்துக்கும் விரிந்து
பெட்டி நடுவில் நின்றது,
முட்டைபோட்ட கோழி மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டு.

உள்ளேயிருந்தவர் வெளியே வந்தார்.
யாரையும் பார்க்காமல் விரிஞ்சிபுரத்தில் இறங்கினார்.

இனி அது மடியாது.
சட்டப்படி வண்டி. ரயிலுக்குள் வண்டி.
திருமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பி
சீமைக்கருவேலத்தை முதன்முறை பார்ப்பவர்போல்
காட்பாடி வரை பார்த்துக்கொண்டே வந்தார்.
குளோரி கேரியரின் நசுங்கலைத்
தடவித் தடவிப் பார்த்தாள்.
புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன்.
"மூடி சேருது, போ" என்றாள்.

பாலாற்றுப் பாலத்தில் எதிர்காற்று.
லாரிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே
கீல் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிட்டது,
சேலை மடிப்பில் எண்ணெய்,
செருப்பில் குழம்பு வாசனை.
கீழே மணலில் யாரோ ஒருவன்
தண்ணீர் இருப்பதுபோலவே
வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்துபோனான்.

சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு
இது மடிந்தாக வேண்டும்.
அதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.